உறையாத ஊரில் உறைபனிக்குப் பயந்த குளியலறை

என் தங்கையும் அவள் கணவரும் கனடாவுக்குப் போய் முப்பது ஆண்டுகள் ஆகப்போகின்றன. டொரன்டோவின் ஸ்காபரோ பகுதியில் வீடு வாங்கி, பிள்ளைகளைப் படிக்க வைத்து, ஓய்வை எதிர்நோக்கி இருக்கிறார்கள். குளிர்காலத்து ஆறு மாதங்களையாவது பிறந்த மண்ணில், அம்மாவோடு கழிக்க வேண்டும் என்பது அவர்களது ஆசை. அதற்காகவே மாத்தளையிலிருந்து ரத்தொட்டை வழியாக ரிவர்ஸ்டன் ஏறும் பாதையில், உச்சிக்குச் சில கிலோமீட்டர் கீழே, இருபது பேர்ச் காணியொன்றை வாங்கியிருந்தார்கள்.

2025 ஓகஸ்டில் மச்சான் வந்து இறங்கியபோது பயணப்பெட்டியில் சொக்லேட்டை விட முக்கியமான ஒன்றைக் கொண்டு வந்திருந்தார். அவரே அளவுகோல் வைத்து வரைந்த வீட்டுப் படம். இரண்டு படுக்கையறை, ஒரு கூடம், ஒரு சமையலறை. குளியலறை மட்டும் வீட்டின் நட்ட நடுவில் இருந்தது. நான்கு பக்கமும் அறைகளால் சூழப்பட்டு, வெளிச்சுவர் எதையும் தொடாமல், கோயில் கருவறை போல.

படத்தைப் பார்க்க ரத்தொட்டையிலிருந்து பாஸ் ஒருவரை வரவழைத்திருந்தோம். சிங்களவர். தோட்டத்து மக்களோடு பழகிப் பழகித் தமிழை நம்மைப் போலவே பேசுவார். படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மாத்தயா, குளிக்கிற அறைக்கு ஜன்னல் எங்க?" என்று கேட்டார்.

"ஜன்னல் முக்கியமில்லை பாஸ். குழாய் ஒன்றுகூட வெளிச்சுவரில் போகக்கூடாது" என்றார் மச்சான்.

"ஏன்?"

"உறைந்து விடும்."

பாஸ் சிரித்தார். அவர் சிரித்ததைக் கண்டு நானும் சிரித்தேன். மச்சான் சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்புக்காக அன்று மாலையே நான் வெட்கப்பட நேர்ந்தது. அதைச் சொல்வதற்கு முன், எங்கள் ஊர்க் குளிரைப் பற்றிச் சில வார்த்தைகள்.

ரிவர்ஸ்டன், நக்கிள்ஸ் மலைத்தொடரின் வடக்குப் பகுதியில் உள்ள ஒரு கணவாயும் அதை ஒட்டிய சிகரமும் ஆகும். மாத்தளை நகரிலிருந்து ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,400 மீட்டர். உச்சியில் தொலைத்தொடர்புக் கோபுரம் நிற்கிறது. அந்தப் பக்கம் இறங்கினால் பிட்டவல பத்தன புல்வெளி, அதற்கப்பால் இலுக்கும்புற. 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்த மத்திய மலைநாட்டின் மூன்று பகுதிகளுள் நக்கிள்ஸ் காடும் ஒன்று. அங்கே போனவர்கள் முதலில் சொல்வது காற்றைப் பற்றித்தான். நிமிர்ந்து நிற்க விடாது. அந்தக் காற்றுக்கு அஞ்சியே உயரத்தில் உள்ள மரங்கள் வளராமல் முறுகிக் குள்ளமாகி நிற்கின்றன.

ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக ஆறரை பாகை குறையும் என்பது புவியியல் பாடத்தில் படித்தது. மாத்தளையில் வியர்த்து ஏறுகிறவர் ரிவர்ஸ்டனில் கம்பளிச் சட்டை தேடுவது அதனால்தான். காற்றும் மூடுபனியும் சேர்ந்து அந்தக் குளிரை இரட்டிப்பாக்கிக் காட்டும். ஆனால் தண்ணீர் உறையுமா என்றால், உறையாது. அதற்கு அருகில்கூடப் போகாது.

இலங்கையில் உறைபனி என்றால் நுவரெலியாதான். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகை மேசையில் இருந்தவன் நான். தை மாதம் பிறந்தால் நுவரெலியாச் செய்தியாளரிடமிருந்து 'துகள் உறைபனி' என்ற செய்தி தவறாமல் வரும். புல்லின் மீதும் தேயிலைக் கொழுந்தின் மீதும் உப்புத் தூவியது போன்ற படமும் வரும். முதல் பக்கத்தில் இடம் கொடுப்போம். இவ்வளவுக்கும் 1,868 மீட்டர் உயரத்தில் உள்ள அந்த நகரில்கூட வீட்டுக் குழாய் உறைந்து வெடித்ததாக ஒரு செய்தியையும் நான் திருத்தியதில்லை. முகிலும் காற்றுமில்லாத இரவில் புல்லும் இலையும் தம் வெப்பத்தை வானுக்கு இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்து போகின்றன. அதுவே துகள் உறைபனி. சூரியன் ஏறியதும் கரைந்துவிடும். மண்ணுக்குள்ளும் சுவருக்குள்ளும் இருக்கும் தண்ணீரைத் தொடுவதற்கு அதற்கு நேரமும் வலுவும் கிடையாது.

ஆகவே பாஸ் சிரித்ததில் பிழையில்லை. மச்சானின் பயம் வேறோர் ஊரிலிருந்து வந்தது.

அன்று மாலை அம்மாதான் கேட்டார். "ஏன் தம்பி, குழாய்க்குப் போய் இவ்வளவு பிடிவாதம்?" மச்சான் தங்கையின் முகத்தைப் பார்த்தார். தங்கை தலையை ஆட்டினாள். பத்து ஆண்டுகளாக எங்களிடம் மறைத்து வைத்திருந்ததை அவர் சொல்லத் தொடங்கினார்.

2015 பெப்ரவரியில் அப்பா காலமானார். செய்தி கிடைத்த அன்று மாலையே இருவரும் விமானம் ஏறினார்கள். டொரன்டோ கண்ட மிகக் குளிர்ந்த பெப்ரவரிகளில் அதுவும் ஒன்று. வீட்டில் ஆளில்லாதபோது எரிவாயுக் கட்டணம் ஏன் என்று வெப்பமூட்டியைப் பன்னிரண்டு பாகைக்குக் குறைத்துவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். தண்ணீரின் பிரதான வால்வை மூட வேண்டும் என்பது நினைவுக்கு வரவில்லை. தகப்பனைப் பறிகொடுத்த வீட்டில் யாருக்குத்தான் வரும்?

அவர்களது மேல்மாடிக் குளியலறை, கார் நிறுத்தும் கொட்டிலுக்கு நேர் மேலே, வடக்குச் சுவரை ஒட்டி இருந்தது. கொட்டிலுக்கு வெப்பமூட்டல் இல்லை. கைகழுவும் தொட்டிக்குப் போகும் குழாய் அந்த வடக்குச் சுவருக்குள் ஏறியது. தொட்டிக்குக் கீழே இருந்த அலுமாரியின் கதவும் சாத்தியிருந்தது. அறைக்குள் இருந்த கொஞ்ச வெப்பமும் குழாயைச் சென்றடைய வழியில்லை. எட்டாம் நாள் கொட்டிலின் கதவிடுக்கால் தண்ணீர் வழிந்து வாசலில் பனிக்கட்டியாக இறுகியிருப்பதைக் கண்டு பக்கத்து வீட்டுக்காரர் தொலைபேசியில் அழைத்தார். அப்போது நாங்கள் அப்பாவின் எட்டுச் சடங்குக்குப் படையல் போட்டுக்கொண்டிருந்தோம். மச்சான் வெளியே போய்ப் பேசிவிட்டு வந்து, "வேலை இடத்திலிருந்து" என்று சொன்னது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

தண்ணீர் கூரைப் பலகையை ஊறவைத்து இடித்து, கூடத்தை நனைத்து, நிலவறைக்கு இறங்கியிருந்தது. காப்புறுதி நிறுவனம் இழப்பீடு தர மறுத்தது. குளிர்காலத்தில் நான்கு நாட்களுக்கு மேல் வீட்டை விட்டுப் போனால், தண்ணீரை மூடிக் குழாய்களை வடித்திருக்க வேண்டும். அல்லது நாள்தோறும் யாரேனும் வந்து வெப்பமூட்டி இயங்குகிறதா என்று பார்த்திருக்க வேண்டும். கனடாவின் வீட்டுக் காப்புறுதிப் பத்திரங்களில் பரவலாகக் காணப்படும் நிபந்தனை இது. எழுத்தில் இருந்தது. இவர்கள் வாசிக்கவில்லை. வெளிநாடு வாழும் நம்மவர்களில் எத்தனை பேர் வாசித்திருப்பார்கள் என்பது எனக்குச் சந்தேகமே.

பணம் போனதை அவர் பெரிதாகச் சொல்லவில்லை. நிலவறையில் ஒரு பெட்டி இருந்தது. அதற்குள் அம்மா அப்பாவின் திருமணப் படம் இருந்தது. அந்த ஒரு படம்தான் உண்டு. 1983 ஜூலையில் மாத்தளை நகரில் தமிழர் கடைகள் எரிந்த நாட்களில், அப்பா அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு காட்டுக்குள் ஒளிந்தவர். "இங்கே இருந்தால் மறுபடியும் என்ன ஆகுமோ, நீ கொண்டு போ" என்று தங்கையிடம் கொடுத்தனுப்பியவரும் அவரேதான். தீயிலிருந்து தப்பிய படம் கனடாவில் தண்ணீரில் ஊறிக் கூழாகிவிட்டது. அதைத்தான் பத்தாண்டுகள் மறைத்திருந்தார்கள்.

அம்மா வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "தண்ணி எப்படியப்பா இரும்பை உடைக்கும்?" என்று மட்டும் கேட்டார்.

நான் கலைப்பட்டதாரி. பேராதனையில் படித்தது வரலாறு. ஆயினும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை, தேடி வாசித்தேன். வாசித்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

பெரும்பாலான பொருட்கள் குளிர்ந்தால் சுருங்கும். தண்ணீரும் நான்கு பாகை வரை சுருங்குகிறது. அதற்குக் கீழே விரியத் தொடங்கி, உறையும்போது ஏறத்தாழ ஒன்பது சதவீதம் கூடுதலான இடத்தைப் பிடிக்கிறது. பனிக்கட்டி குழாயைப் பக்கவாட்டில் நெருக்கி உடைக்கிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தின் கட்டிட ஆய்வு மன்றம் 1996இல் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைச் சொல்கிறது. குழாயின் ஓரிடத்தில் பனிக்கட்டி அடைப்புப் போல இறுகுகிறது. அது நீளவாக்கில் வளர வளர, தனக்கும் மூடிய குழாய்வாய்க்கும் நடுவில் சிக்கிய தண்ணீரை நெருக்குகிறது. ஓட வழியில்லாத அந்தத் தண்ணீரின் அழுத்தம் ஏறி ஏறிக் குழாய் பிளக்கிறது. பிளக்கும் இடத்தில் பெரும்பாலும் பனிக்கட்டியே இருப்பதில்லை. கடுங்குளிர் இரவில் குழாய்வாயைச் சற்றுத் திறந்து சொட்டவிடச் சொல்வதன் காரணம் இதுதான். சொட்டுகிற வாய் அழுத்தத்துக்கு ஒரு வழி.

பாதுகாப்பில்லாத குழாய்களுக்கு ஆபத்து தொடங்கும் எல்லையாக அந்த ஆய்வு குறித்தது, வெளியே சுழியத்துக்குக் கீழே சுமார் ஏழு பாகை. டெக்சாஸ் போன்ற வெப்பமான மாநிலங்களில் கூரைக்கடியிலும் வெளிச்சுவரிலும் குழாய் விடுவது வழக்கம். 2021 பெப்ரவரியில் அங்கே பனிப்புயல் வந்து, மின்சாரமும் நின்று, வெப்பமூட்டிகள் அணைந்தபோது எண்ணற்ற வீடுகளில் குழாய்கள் வெடித்தன. கனடாவில் மண்ணுக்குள் குளிர் இறங்கும் ஆழத்தைக் கணக்கிட்டுத்தான் தண்ணீர்க் குழாயைப் புதைக்கிறார்கள். தென் ஒன்டாரியோவில் அந்த ஆழம் ஏறத்தாழ 1.2 மீட்டர்.

குளியலறையைத் திட்டமிடும்போதே செய்ய வேண்டியவற்றை மச்சான் விரல்விட்டு எண்ணினார். குழாய்களை உட்சுவரில் ஏற்றுவது. சமையலறையையும் குளியலறையையும் முதுகோடு முதுகாக வைத்து ஒரே சுவரால் இரண்டுக்கும் தண்ணீர் கொடுப்பது. கார்க் கொட்டிலுக்கு மேலே குளியலறை வைக்காதிருப்பது. வெளிச்சுவரைத் தவிர்க்க முடியாவிட்டால், வெப்பக்காப்புப் பஞ்சைக் குழாய்க்கும் வெளிப்புறத்துக்கும் நடுவில் மட்டும் வைப்பது. குழாய்க்கும் அறைக்கும் நடுவில் வைத்தால் வீட்டின் வெப்பம் குழாயை அடையாது. பலரும் செய்யும் தவறு இதுதானாம். கடைசியாக, பிரதான வால்வு எங்கே இருக்கிறது என்பது வீட்டுக் குழந்தைக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

மறுநாள் காணியில் மீண்டும் கூடினோம். இம்முறை பாஸ் சிரிக்கவில்லை. மச்சானின் கதையை நான் சொல்லியிருந்தேன். அவர் கொஞ்ச தூரம் நடந்து, காணியின் கீழ் விளிம்பைக் காட்டினார். அங்கிருந்து நிலம் செங்குத்தாக இறங்குகிறது.

"மாத்தயா, உங்க ஊர்ல தண்ணி உறையும். இங்க தண்ணி உறையாது, மண்ணு நகரும். குழாயை நடுவீட்டுச் சுவருக்குள்ள பொதைச்சா ஒழுகினாலும் தெரியாது. ஆறு மாசம் வீடு பூட்டியிருக்கும். ஒழுகின தண்ணி எல்லாம் அடியில போய் மண்ணைக் குடிக்க வைக்கும். ஒரு மழைக்கு வீடே கீழே போயிரும். நாங்க குழாயை வெளிச்சுவர்ல கண்ணுக்குத் தெரியிற மாதிரி விடுறது அதனாலதான்."

எனக்கு அது புதிய வெளிச்சமாக இருந்தது. கனடாவில் குழாயை வீட்டின் வெப்பத்துக்குள் மறைக்கிறார்கள். மலைநாட்டில் குழாயை மனிதனின் பார்வைக்குள் வைக்கிறார்கள். இருவரும் அஞ்சுவது தண்ணீருக்குத்தான். ஒருவர் அது நிற்பதற்கு அஞ்சுகிறார், மற்றவர் அது கசிவதற்கு.

வெளிச்சுவருக்கும் குறையுண்டு. வெயிலில் கிடக்கும் பீவீசி குழாய் சில ஆண்டுகளில் நொறுங்கத் தொடங்கும். சுடுநீர் சுற்றி வருவதற்குள் காற்றில் ஆறிவிடும். இவற்றைப் பாஸும் ஒப்புக்கொண்டார். ஆனாலும் இருவரில் எவரும் விட்டுக்கொடுக்கவில்லை. மச்சான் ஒன்றும் முடிவாகாமல் திரும்பிப் போனார்.

நவம்பர் இறுதியில் 'டித்வா' புயல் வந்தது. நாடு முழுவதும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் மலைநாட்டின் மண்சரிவுகளுக்குப் பலியானவர்கள். மாத்தளை மாவட்டமும் தப்பவில்லை. மழை விட்டுப் பாதை திறந்ததும் காணியைப் பார்க்கப் போனேன். எங்கள் காணி அப்படியே இருந்தது. பாஸ் அன்று நின்று காட்டிய விளிம்புக்குக் கீழே, பத்துப் பதினைந்து அடி அகலத்துக்கு மண் வழுக்கி, சிவந்த புண் போலத் தெரிந்தது. படமெடுத்து மச்சானுக்கு அனுப்பினேன். அவர் அழைத்துச் சொன்ன முதல் வார்த்தை, "பாஸ் சொன்னது சரி மச்சான்."

இப்போது படம் மாறியிருக்கிறது. வீடு பாதையோரமாக, விளிம்பிலிருந்து எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி வந்திருக்கிறது. குளியலறை நடுவிலிருந்து ஓரத்துக்கு நகர்ந்து ஒரு ஜன்னலைப் பெற்றுவிட்டது. சமையலறை அதன் முதுகில். இரண்டுக்கும் பொதுவான உட்சுவரில் எல்லாக் குழாய்களும் ஏறும்; ஆனால் சுவருக்குள் புதையாமல், அலுமாரி போலக் கதவு வைத்த ஒரு குறுகிய இடுக்கில், திறந்தால் கண்ணுக்குத் தெரியும்படி. ஒழுகினால் அடியில் வைத்த சிமெந்துத் தட்டில் விழுந்து கூடத்துப் பக்கம் வந்து காட்டிக்கொடுக்கும். கழிவுநீர் சரிவில் ஊறாமல், பூசிய வாய்க்கால் வழியாகப் பாதையோரத்துக்குப் போகும். பிரதான வால்வு வாசற்கதவின் அருகில். செருப்பு மாட்டும்போதே கைக்கு எட்டும். உட்சுவர் மச்சானுடையது, கதவும் தட்டும் பாஸுடையது. மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் வீடு கட்டத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரை வேண்டும். அதற்கு விண்ணப்பித்திருக்கிறோம். அவர்கள் வேண்டாம் என்றால் அந்தக் காணியில் வீடு இல்லை. மச்சானும் அதற்கு மனத்தைத் தயார்ப்படுத்திக்கொண்டுவிட்டார்.

அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. அவர் பிறந்ததும் வாழ்ந்ததும் லயத்தில். எங்கள் லயத்துக்குக் குளியலறை கிடையாது. வரிசையில் இருந்த குடும்பங்கள் அத்தனைக்கும் ஒரு பீலி. மலையிலிருந்து இறங்கும் தண்ணீர் அதில் இரவும் பகலும் விழுந்துகொண்டே இருக்கும். கொழுந்துக்குப் போகுமுன் இருட்டோடு இருட்டாக, மார்புக்கு மேல் பாவாடையைக் கட்டிக்கொண்டு, அந்தக் குளிரில் பெண்கள் குளித்துவிட்டு வருவார்கள். குழாயை எங்கே வைப்பது என்ற கேள்வியை அந்த வாழ்க்கை எவரிடமும் கேட்டதே இல்லை.

அந்த ஓகஸ்ட் மாலையில், படம் போன கதையைக் கேட்டு, தண்ணீர் இரும்பை உடைக்கும் விதத்தையும் நான் பிறகு சொல்லக் கேட்டு முடித்தபின், அம்மா தங்கையை அருகில் அழைத்து உட்கார வைத்துச் சொன்னார்: "படம் போனாப் போகுது. நீங்க வால்வை மூடுறது, ஆளைப் பிடிக்கிறதுன்னு ஒரு நாள் நின்னிருந்தீங்கன்னா அப்பா முகத்தைப் பாத்திருக்க மாட்டீங்க."

பிறகு மச்சானைப் பார்த்து, குளியலறையை எங்கே வேண்டுமானாலும் வையுங்கள், சுடுதண்ணீர் வந்தால் போதும் என்றார்.